டாப் டென்னும் பெயரில்லாத ஒரு கேசட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடம் கூட்டுரோட்டில் இருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு அறைக்குப் போயிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஆறு பேர் தங்குகிறார்கள், எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மூன்று பேர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பி.எஃப். பிடித்தம் பற்றி மற்ற மூன்று பேரிடம் பேசத்தான் போனேன். பேச்சு கடைசியில் பாட்டில் போய் நின்றது.

நாகப்பட்டினம் பக்கத்துத் தம்பி ஒருவன் போனை நீட்டினான். எல்லாக் காலத்துக்குமான சிறந்த பத்து ஆல்பங்கள் என்று வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தான். ‘ரோஜா’ ஒன்று, ‘தளபதி’ இரண்டு, ‘காதலன்’ மூன்று. அதற்குக் கீழே யுவனும் ஹாரிஸும் அனிருத்தும். ‘அட்டகத்தி’ ஒன்பதாவது. இந்த வரிசைக்காக அறையில் இரண்டு நாள் சண்டை நடந்ததாம். “நீங்க ஒரு லிஸ்ட் போடுங்கண்ணே, பார்க்கலாம்” என்றான்.

(அவன் பெயரை எழுத முடியாது. காரணம் உங்களுக்கே தெரியும். பெயர்களைப் பற்றிய கட்டுரையில் அவன் பெயரையே போட முடியாதது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.)

சின்ன விஷயம்தானே என்று அறையில் வைத்தே எழுத ஆரம்பித்தேன். முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல். எங்கள் தெருவில் ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம். இப்போது சினிமாவில் வராத தனிப்பாட்டை ‘ஆல்பம் சாங்’ என்கிறார்கள். அந்தச் சொல் பாட்டுக்கு வந்ததே போட்டோ ஆல்பத்தில் இருந்துதான். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பிடிக்கும். பெரிய கச்சேரி ஒன்றைக் கேட்க ஐந்தாறு தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்படப் புத்தகம் போல உறை தைத்த புத்தகத்தில் போட்டு விற்றார்கள். 1948-ல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதாவது ஆல்பம் என்பது ஆரம்பத்தில் இருந்தே காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கிற பண்டம். அலமாரி இருந்தவர்களுக்கு ஆல்பம் இருந்தது. பட்டியல் போடும் வழக்கமும் அந்த அலமாரியில் இருந்துதான் வந்தது.

நமக்கு அலமாரி வந்தது கேசட் காலத்தில். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம் இருக்கும். வெற்று கேசட் ஒன்று வாங்கி, நோட்டுத் தாளில் பாட்டுப் பெயர்களை வரிசையாக எழிதிக் கொடுப்போம். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, கொஞ்சம் இழுத்தால் ஏழு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, ஏ சைடில் முதல் பாட்டு எது என்று ராத்திரி முழுக்க யோசித்தவர்கள் நாம். பத்திரிகைக்காரர்கள் இன்று செய்கிற தரவரிசையை அன்றே செய்தோம், அதுவும் கைக்காசு போட்டு. அந்தத் தாளில் பாட்டின் பெயரும் படத்தின் பெயரும்தான் இருக்கும். யார் வாசித்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. எழுத நமக்குத் தெரியவும் தெரியாது, ஏனென்றால் கடைக்காரர் வைத்திருந்த அட்டையிலும் அது இல்லை.

உலகப் பட்டியல்களின் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003-ல் ஐந்நூறு சிறந்த ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்துக்கு. கறுப்பினப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆறாவது. 2020-ல் வாக்காளர்களை விரிவாக்கி மறுபடி வாக்கெடுத்தார்கள். மார்வின் கே முதலிடத்துக்கு வந்தார், பீட்டில்ஸின் அந்த ஆல்பம் 24-க்குப் போனது. இரண்டு ஆல்பங்களிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை. கேட்டவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

2002-ல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி உலகின் பிடித்த பாட்டு எது என்று நேயர்களிடம் கேட்டது. அது ஆல்பம் அல்ல, தனிப்பாட்டுக்கான வாக்கெடுப்பு. முதலிடம் ஒரு அயர்லாந்து விடுதலைப் பாட்டுக்கு. நான்காவது இடத்தில் ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாவது இடத்தில் ஈழத்துத் திருமலை சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. ‘பொஹீமியன் ராப்சோடி’ பத்தாவதுதான். இங்கிலாந்துக்காரர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஊரை விட்டு ஓட்டப்பட்ட ஒரு சனம் இணையத்தில் உட்கார்ந்து வாக்குப் போட்டால் பட்டியல் இப்படித்தான் வரும். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் யார் வாக்குப் போட்டது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மார்வின் கேயை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணம் ஒரகடம். நம் பகுதியை இந்தியாவின் டெட்ராய்ட் என்று சொல்லாத அமைச்சர் இல்லை. 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்ததில் இருந்து இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. சரி, அசல் டெட்ராய்ட்டில் என்ன நடந்தது? அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காட்டு அடிமைத்தனத்தின் பேரப்பிள்ளைகள் கார் ஆலைகளைத் தேடி அந்த ஊருக்கு வந்தார்கள். அங்கே லிங்கன்-மெர்குரி கார்களின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர் பெர்ரி கார்டி. குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோட்டவுன். ஒரு முனையில் வெறும் சட்டகமாக நுழையும் கார் மறுமுனையில் பளபளவென்று வெளிவருவது போல, தெருப்பிள்ளை ஒரு கதவில் நுழைந்து மறுகதவில் பாடகராக வெளியே வர வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆலையில் கற்றதைத்தான் பாட்டில் செய்தார்.

அந்த ஆலையிலும் பெயரில்லாத தொழிலாளர்கள் இருந்தார்கள். மோட்டவுனின் ஹிட் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரே வாத்தியக் குழு வாசித்தது. ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று அவர்களைச் சொல்வார்கள். பன்னிரண்டு வருடம் அவர்கள் பெயர் எந்த உறையிலும் வரவில்லை. 1971-ல் வந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் முதன்முதலாக அச்சானது. வியட்நாம் போரையும் போலீஸ் அடியையும் பாடிய ஆல்பம் அது, கார்டிக்கே முதலில் அதை வெளியிட மனமில்லை. உலகின் முதல் ஆல்பம் என்று இன்று எண்ணப்படுவது, வாசித்தவன் பெயரைப் போட்ட ஆல்பமாகவும் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைக்கலாம்.

இங்கே உறையில் யார் இருந்தார்கள்? நம் கதை முதலில் தட்டில் ஏறியது நந்தனாராக. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி நந்தனாராக நடித்துப் பாடினார். அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942-ல் ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது, தண்டபாணி தேசிகர் பாடினார். அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக வீடு வீடாகப் போயின. பறைச்சேரியின் பண்ணையாள் தில்லைக்குப் போக அனுமதி கேட்டுக் கெஞ்சுவதை அக்கிரகாரத்துக் கிராமபோன்கள் பாடின. பாடியவர் நாமில்லை, எழுதியவர் நாமில்லை, வாங்கிக் கேட்டவரும் நாமில்லை. தீயில் இறங்கியது மட்டும் நாம். சுந்தராம்பாள் குரலில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அந்தக் குரல் கேட்டால் இன்றும் நின்றுவிடுவேன். ஆனால் என் பட்டியலில் அதை எந்த எண்ணில் வைப்பது?

பறையும் அப்படித்தான். கோயில் திருவிழாக் காட்சி, சாவு வீட்டுக் காட்சி, வில்லன் வரும் காட்சி என்று நம் தோலும் நம் கையும் எழுபது வருட சினிமாப் பாட்டில் கேட்கிறது. கேசட் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், நடிகர் முகம், கம்பெனி முத்திரை. அதோடு சரி. சென்னைச் சேரிகளில் பிணத்தின் தலைமாட்டில் விடிய விடியப் பாடிய கானாவும் தொண்ணூறுகளில் தேவா காலத்தில் சினிமாவுக்குள் வந்தது. பாட்டு வந்தது. பாடியவர்கள் பெயரோடு வர இன்னும் நாளானது.

இப்போது என் பட்டியலுக்கு வருகிறேன். பத்து வரவில்லை, ஐந்துதான். அதற்கு முன்னால் எடுத்துப் போட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

‘தேவர் மகன்’. 1992. இசை என்ற அளவில் மட்டும் பார்த்தால் என் முதல் ஐந்தில் அது வரும், பொய் சொல்ல மாட்டேன். ‘இஞ்சி இடுப்பழகி’க்கு எஸ். ஜானகி தேசிய விருது வாங்கினார். ஆனால் அந்தப் படத்தின் ‘போற்றிப் பாடடி பெண்ணே’ தென்மாவட்டங்களில் பாட்டாகவா ஒலித்தது? திருவிழா ஊர்வலத்தில், கல்யாண வண்டியில், நம் தெருமுனை வந்ததும் சத்தத்தைக் கூட்டி வைக்கிற ஆயுதமாக ஒலித்தது. மாரி செல்வராஜ் அதைப் பற்றிக் கமல்ஹாசனுக்குக் கடிதம் எழுதினார், பின்னால் 2023-ல் ‘மாமன்னன்’ எடுத்தார். பாட்டை உருவாக்கியவர்கள் மீது எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது என்று எனக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு அரிவாளைத் தூக்கி ஆடுகிறவர்களுக்கு அதற்கு இசையமைத்தவர் யார், எந்த ஊரில் இருந்து, எப்படி வந்தார் என்பது ஞாபகம் இருந்ததே இல்லை. தமிழ்நாட்டின் பெரிய நகைச்சுவை அது. சிரிக்கத்தான் முடியவில்லை. அறைத் தம்பிகளில் ஒருவன், “பாட்டை பாட்டா கேளுங்கண்ணே” என்றான். அடி வாங்கிய ஊரில் இருந்து வருகிறவன் அவன் இல்லை. நாகப்பட்டினத்துத் தம்பி எதுவும் பேசவில்லை.

ஐந்தாவது ‘அட்டகத்தி’, 2012. பா. ரஞ்சித்துக்கும் சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம். நகரம் முடிந்தும் முடியாத, கிராமம் என்றும் சொல்ல முடியாத நம்மைப் போன்ற ஊர்களின் பிள்ளைகள் அதில் பஸ்சில் தொங்கிக்கொண்டு போனார்கள். ‘ஆடி போனா ஆவணி’யில் கானா பாலா தன் பெயரோடு வந்தார். புளியந்தோப்பின் குரல் அட்டையிலும் ஏறியது.

நான்காவது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. சினிமா இல்லாத ஆல்பம். தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை என்று சொல்லி, இருவரையும் ஒரே வயலினில் உட்கார வைத்தார். வி.எஸ். நரசிம்மனின் வில் அது. பண்ணைப்புரத்தில் இருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு வந்தவர், எந்தச் சபாவிடமும் அனுமதிச் சீட்டு கேட்காமல் எழுதிய இசை. அவர் தன்னை நம் அடையாளத்தில் வைத்துப் பேசுவதை விரும்பியதில்லை. அது அவர் உரிமை. 2022-ல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிடும் புத்தகத்துக்கு அவர் முன்னுரை எழுதிய அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அந்த வாரம் முழுக்க இந்த கேசட்டைத் தொடவில்லை. எட்டாவது நாள் தொட்டேன். நந்தன் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. இந்த மனிதர் கதவைப் பார்க்கவே இல்லை, சுவரைத் தாண்டிப் போய்விட்டார்.

மூன்றாவது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’வின் ‘மகிழ்ச்சி’. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் அவர்களின் முதல் மேடை. நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. சட்டி, கட்டமேளம், பறை, கிதார், ராப் எல்லாம் ஒன்றாக. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருடங்களுக்கு முன் நமக்கு வைத்த பெயர்: சாதிபேதமற்றவர்கள். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் மேடையில் சூட் போட்டுக்கொண்டு பாடினார்கள். கானாவில் பெண் குரலே இல்லை என்றிருந்த காலத்தில் இசைவாணி பாடினார், 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்களில் ஒருவரானார். பாடல்கள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், சில கூட்டத்தில் கேட்டால்தான் எடுபடும். ஆனால் மேடையில் நின்ற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சொல்லி அறிமுகப்படுத்தினார்களே, அதற்காகவே மூன்றாவது.

இரண்டாவது ‘தெருக்குரல்’, 2019. அறிவும் ஆஃப்ரோவும். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஸ்னோலினுக்கு அதில் ஒரு பாட்டு உண்டு. சென்னை, தூத்துக்குடி, ஆணவக்கொலை, தேசபக்தி என்று அந்த இரண்டு வருடச் செய்தித்தாளை ஒரு அரக்கோணத்துப் பையன் ஒரே மூச்சில் வாசித்தது போல இருந்தது.

அறிவைச் சொன்னால் ‘எஞ்சாய் எஞ்சாமி’யைச் சொல்லாமல் போக முடியாது. அது ஒற்றைப் பாட்டு, ஆல்பம் அல்ல. இருந்தாலும் இந்தக் கட்டுரையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை வைத்து அறிவு அதை எழுதினார். 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் மலையகத் தமிழர்களைப் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்ப முடிவு செய்ததே, அந்தச் சனத்தின் கதை. நிலத்தில் பாடுபட்டவர்களுக்கு நிலம் இல்லாத கதை. ஒரகடத்தில் இருந்து கேட்டால் அது வேறு மாதிரி காதில் விழும். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் நம் முன்னோர் நிலமின்றிக் கிடக்கும் நிலையை எழுதி அறிக்கை கொடுத்தது இதே மாவட்டத்தைப் பார்த்துத்தான். அதில் இருந்துதான் 1892-ன் பஞ்சமி நில உத்தரவு வந்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அன்று அந்த மாவட்டத்து ஊர்கள். அந்த நிலங்கள் எங்கே போயின என்று கேட்ட ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். இங்கிருந்து வெகுதூரம் இல்லை காரணை.

அந்தப் பாட்டு 2021 மார்ச்சில் வந்தது, கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படம் போட்டது. அதில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். எழுதிப் பாடிய அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட பிறகு, நாடெங்கும் சத்தம் எழுந்த பிறகு, அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருடம் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு மேடையேறியபோதும் அறிவு அங்கே இல்லை. யார் எவ்வளவு செய்தது என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் அறிக்கைகள் விட்டார்கள். 2024-ல் சந்தோஷ், அந்தப் பாட்டில் தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். ஸ்டுடியோவுக்குள் யார் என்ன செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் அங்கே இல்லை. அட்டையில் யார் இல்லை என்பதை மட்டும் எல்லோரும் பார்த்தோம்.

முதலிடம்.

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. ஏ சைடில் முனைவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கத்து மாரந்தையில் பிறந்தவர். ‘தன்னானே’ கலைக்குழு கட்டி ஊர் ஊராகப் போய்ப் பாடினார், நாடகம் போட்டார், பேராசிரியரானார், ‘வடு’ எழுதினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ கவிதை அவர் குரலில்தான் சேரிகளுக்கு வந்தது. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்ததைப் பேசும் மேடைகளில் அந்தப் பாட்டு இல்லாமல் கூட்டம் முடிந்ததில்லை. குணசேகரன் இறந்தது 2016 ஜனவரி 17. ரோஹித் வேமுலா இறந்த அதே நாள். அன்று நாங்கள் ஐதராபாத் செய்தியில் மூழ்கியிருந்தோம், இவருக்காக ஒரு நிமிடம் அழக்கூட முடியவில்லை. அந்த வருடம் டிசம்பரில் இன்குலாபும் போனார்.

என்னிடம் இருப்பது அசல் கேசட் அல்ல. நகலின் நகல். அட்டை இல்லை. மேல்முனையில் இருக்கும் பிளாஸ்டிக் காதை உடைத்தால் அதில் வேறு எதையும் பதிய முடியாது. யாரோ உடைத்திருக்கிறார்கள். வேறு யாரோ அந்த ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டி, பி சைடில் எங்கள் தெரு ஏப்ரல் 14 ஊர்வலத்தைப் பதிந்திருக்கிறார்கள். டேப் ரெக்கார்டரை சைக்கிள் கேரியரில் வைத்துப் பதிந்தது. பறை ஏறும், இறங்கும், ஒரு குழந்தை அழும், யாரோ தண்ணீர் கேட்பார்கள். பதினேழு நிமிடம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று எங்கள் தெரு முடிவெடுத்த பிறகு, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மட்டும் அடித்த அடி. அதில் என் சித்தப்பாவும் உண்டு. லேபிளில் பேனாவால் எழுதியிருக்கிறது: ‘ஜெய்பீம் பாட்டு – அழிக்காதே’.

போன ஞாயிறு அதை போனில் ஏற்றிக்கொண்டு மறுபடி அந்த அறைக்குப் போனேன். இரைச்சல்தான் பாதி. ‘மனுசங்கடா’ தொடங்கியதும் நாகப்பட்டினத்துத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். சின்ன வயதில் டிசம்பர் 25-ல் அப்பா தோளில் உட்கார்ந்து வெண்மணியில் கேட்டிருக்கிறானாம். யார் பாட்டு என்று இத்தனை நாள் தெரியாது என்றான். தூங்கிக்கொண்டிருந்த நைட் ஷிப்ட்காரர்களில் ஒருவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். பி சைடு வந்தபோது அவரும் எழுந்துவிட்டார்.

தம்பி போனை எடுத்துப் பட்டியலில் மேலே ஒரு வரியைச் சேர்த்தான். ஆல்பத்தின் பெயர் என்ற இடத்தில் லேபிளில் இருந்ததை அப்படியே போட்டான். வருடம் தெரியாது, கோடு போட்டான். கலைஞர்கள் என்ற இடத்தில் குணசேகரன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

“பின்பக்கம் அடிச்சவங்க பேரு சொல்லுங்கண்ணே.”

எனக்கு நான்கு பேரைத் தெரிந்தது. மிச்சத்துக்கு அம்மாவுக்கு போன் போட்டேன்.